இடது பக்கக் கண்ணாடி

"இந்த மாடலுக்கு இடது பக்கம் கண்ணாடியே கிடையாதுக்கா. கதவுல ஓட்டை போட்டா ஒரிஜினல் போயிரும்," என்றார் திண்டுக்கல் மெக்கானிக்.

"போனாப் போகுது, போடுங்க."

கதவில் டிரில் இறங்கியதும் பெயிண்ட் தீய்ந்த வாடை வந்தது.

அப்பாவின் கார் இது. எட்டு வயதில் இதற்கு இடது கண்ணாடி நான்தான். "ஏதும் வருதாம்மா?" என்று கேட்பார். எட்டிப் பார்த்து "வரலப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் வண்டியை இடது பக்கம் ஒடிப்பார்.

ஒரு நாள், ஆத்தூர் அணையில் அப்பா வண்டியை நிறுத்தவில்லை என்று எனக்குக் கோபம். செம்பட்டி முக்கில் அப்பா கேட்டார். பால் கேனோடு ஒரு சைக்கிள் காரை ஒட்டி வருவது நன்றாகவே தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஏதாவது வந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்து ஒடித்துவிட்டார். டம்மென்று கதவில் ஒரு சத்தம். ரோடெல்லாம் பால். விழுந்தவரின் முழங்கையில் ரத்தம்.

"தப்பு என்னோடதுண்ணே, நான்தான் பாக்கல," என்று அப்பா அவரைத் தூக்கினார். என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் என் மடிக்கு மேலே சாய்ந்து தானே பார்த்துக்கொண்டார்.

புதுக் கண்ணாடியைச் சரியாகத் திருப்பி வைக்கும் முன்பே மெக்கானிக் வண்டியைத் தெருவுக்கு எடுத்தார். பக்கத்து சீட்டில் நான்.

"இடது பக்கம் ஏதும் வருதாக்கா?"

உடம்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தேன்.

"சைக்கிள் வருது. நில்லுங்க."