புக்கெகோஹியில் ஓர் ஒல்லாந்துத் தாள்

பழைய ஐரோப்பியக் காகிதம் எப்படிச் செய்யப்பட்டது என்பதுதான் என் ஆய்வு. கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளிக் காயவைத்து, தோல் பசையில் தோய்த்தெடுத்த தாள்கள். நியூசிலாந்தில் நான் இருக்கும் ஆக்லாந்தின் நூலகங்களில் அவற்றைப் பார்க்கலாம், ஒரு நார்கூடக் கிள்ள விடமாட்டார்கள். நியாயம்தான். ஆனால் கிள்ளிப் பார்க்காமல் அது என்ன நார், என்ன பசை என்று எப்படி எழுதுவது?

அதனால்தான் போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நகருக்குத் தெற்கே இருக்கும் புக்கெகோஹி என்ற ஊருக்குப் போனேன். அங்கே காய்கறி பேக்கிங்கில் வேலை செய்யும் யோசப் அண்ணன் இலங்கையின் மன்னார்க்காரர். டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் அங்கே ஆண்ட காலத்து வெற்றுத்தாள் ஒன்றை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஜன்னலில் பிடித்து அவர் எடுத்து அனுப்பிய படத்தில், தாள் செய்யும்போதே பதியும் ஆலை முத்திரையான நீர்க்குறி பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் கொஞ்சம் கிள்ளிக்கொள்ளவும் சம்மதித்தார். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே அந்த ஓரத்தை நம்பித்தான் இருந்தது. நான் வரும்வரை கவனமாக வைத்திருங்கள் என்று போனில் இரண்டு முறை சொன்னேன்.

ஆக்லாந்தில் என் வீடு இருக்கும் எப்சமிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். முக்கால் மணி நேரப் பயணம். மோட்டார்வேயில் சாலை வேலை நடந்ததால் ஒன்றரை மணி நேரம் ஆனது. பஸ்ஸை நம்பாதீர்கள், கார் வேண்டும். வழியெல்லாம் வெங்காய வயல். அதையும் ரசித்துக்கொண்டு போனேன், என்ன சொல்ல.

தேநீர் வந்தது. பிறகு தாள் வந்தது, லேமினேட் செய்து, மூலைகளை வட்டமாக வெட்டி, பளபளவென்று.

சூட்டில் உருகிய பிளாஸ்டிக் நாருக்குள் இறங்கிவிட்டது. இனி எங்கே கிள்ளினாலும் அதுதான் வரும், பிரிக்கப் பார்த்தால் தாளே கிழியும். நீர்க்குறி மட்டும் மிச்சம். அதற்கு அந்தப் படமே போதும். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டபோது குரல் உயர்ந்துதான் விட்டது.

“நீங்கள்தானே தங்கச்சி கவனமா வைக்கச் சொன்னனீங்கள்,” என்றார். “சண்டையில இடம்பெயரேக்க பேர்த் சேர்ட்டிபிக்கேட் எல்லாம் நனைஞ்சு போச்சு. நாங்கள் ஆரெண்டு காட்ட ஒண்டும் இல்லாம வருசக்கணக்கா அலைஞ்சனாங்கள். அதுக்குப் பிறகு முக்கியமானதெல்லாம் லேமினேட்தான்.”

அதற்கு மேல் கோபப்படவும் வழியில்லாமல் போனது. அது இன்னும் கசக்கிறது. அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன்.

இப்படி வீடுகளுக்குப் பழைய தாள் பார்க்கப் போகிறவர்கள் லென்ஸும் டார்ச்சும் கொண்டுபோங்கள். போனில் பேசும்போது கவனமாக வையுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், தொடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

கிளம்பும்போது காருக்கு அருகில் வந்து, “இனி இது பழுதாகாதுதானே?” என்று கேட்டார்.

“ஆமாண்ணா, ஒண்ணும் ஆகாது,” என்றேன். பொய். அந்த லேமினேட் பிளாஸ்டிக்கின் பசை கொஞ்சம் கொஞ்சமாகத் தாளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும்.