இங்கே நல்ல வெயிலு

என் நண்பன் டயாலிசிஸை ஒருநாளும் அந்தப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "நாளைக்கு டோபி லா, மறந்துடாத" என்பான். ரத்தத்தைத் துவைக்கப் போகிறானாம். யாராவது இப்படி ஒன்றைச் சொன்னால் நான் மனசில் மடித்து வைத்துக்கொள்வேன். அவனிடமிருந்து மடித்தவைதான் அதிகம்.

செவ்வாய், வியாழன், சனி. கிள்ளானிலிருந்து சுங்கை வே போய் அவனை ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் மையத்தில் விட்டு, நாலு மணி நேரம் காத்திருந்து திரும்பக் கொண்டுபோய் விடுவேன். நான் பென்ஷன்காரன், வீட்டில் ஒண்டி ஆள். எனக்கும் பொழுது போனது.

போன வருஷம் லங்காவித் தீவுக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் சிரித்தான்.

"நீயா? பேச ஆள் இல்லாம? ரெண்டு நாள்ல ஓடியாந்துடுவ பாஸ்."

"ஞாயித்துக்கிழமைதான் வருவேன், பாரு."

செவ்வாயும் வியாழனும் கூட்டிப்போக அவனுடைய கோயில் நண்பர் ஒப்புக்கொண்டார். அவருக்குச் சனிக்கிழமை முடியாது. "டாக்சி எடுத்துக்கறேன், நீ போ" என்றான்.

போன அன்றே முகநூலில் படம் போட ஆரம்பித்தேன். படகு, பொரித்த மீன், மணலில் என் செருப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே முதல் ஆளாக அவன்தான் வந்து நின்றான். "மீனுக்கு நீ ஜோடியா, உனக்கு மீனு ஜோடியா?"

ஆனால் அவன் சொன்னதுதான் நடந்தது. சாப்பாட்டு மேசையில் எதிரே காலி நாற்காலி. மூன்றாம் நாள் தாங்கவில்லை. வியாழக்கிழமை மத்தியானமே கிள்ளான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓடிவந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். திரைச்சீலையை இழுத்துவிட்டேன், காரை வெளியே எடுக்கவில்லை. கைப்பேசியில் இன்னும் இருபது படம் மிச்சமிருந்தது. ஒவ்வொன்றாகப் போட்டேன்.

சனிக்கிழமை காலையில் பேய்மழை. ஜிங்க் கூரையில் விழுந்த சத்தத்தில் ரேடியோகூடக் கேட்கவில்லை. கடற்கரைப் படம் ஒன்றைப் போட்டேன். உடனே அவன் எழுதினான்.

"அங்கயும் மழையா பாஸ்?"

"இங்கே நல்ல வெயிலு."

"எப்ப வர்ற?"

"நாளைக்கு லா."

ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினான். நான் மத்தியானத்துக்கு மீகோரெங் நூடுல்ஸ் கிண்டப் போனேன். அவன் வீடு எனக்கு முக்கால் மணி நேரத் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவன் மனைவி போன் செய்தார். முதல்நாள் மழையில் டாக்சி கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை சேர்த்துத் துவைத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டானாம். விடியற்காலையில் மூச்சு முட்டியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக் கூடாரத்துக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து இடம் விட்டார்கள். "லங்காவியில இருந்து எப்படி இவ்வளோ சீக்கிரம்?" என்றார் கோயில் நண்பர். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி முந்திக்கொண்டார்.

"போட்டது போட்டபடி ஓடியாந்திருப்பாரு. அவரு அப்படித்தான்."

ஒரு பெரியவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அந்தக் கை அங்கேயே இருக்கிற மாதிரி இன்றைக்கும் இருக்கிறது.

சடங்குகள் முடிந்து கூட்டம் கலைந்தபின் அவன் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கள கூப்பிடவான்னு நேத்து கேட்டேண்ணே. வேணாம்னுட்டாரு. 'அவன் வெயில்ல நல்லாருக்கான். கூப்பிட்டா பிளைட்டப் புடிச்சு வந்து நிப்பான், விடு'ன்னாரு."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிர்ந்தேன். பக்கத்து வீட்டு அம்மா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். அவன் மனைவி ஒரு தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"குடிங்கண்ணே. அவ்வளோ தூரம் பிரயாணம் பண்ணி வந்திருக்கீங்க."

வாங்கிக் குடித்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.