கட்டம் கட்டமாய் சியூ-லுவான்

தைவானில் எங்கள் தைனான் நகரச் சந்தையில் பால்கெண்டை மீன் கஞ்சி விற்கும் சியூ-லுவானுக்குக் கோபம் வந்தால், கஞ்சிக்கு வந்தவர்கள்கூட ஒரு அடி தள்ளித்தான் நிற்பார்கள். எதிரே கொய்யாப்பழம் விற்கும் எனக்கு அது பழகிவிட்டது. அவள் முன்பல் பாதி உடைந்தவள். தாடையில் கொதிகஞ்சி தெறித்த தழும்பு. புருஷன் செத்த மறுவாரமே அடுப்பைப் பற்றவைத்தாள். கடையைக் காலி செய்யச் சொல்லி வந்தவர்களை அகப்பையோடு துரத்தினாள். இதெல்லாம் சந்தைக்குள் தெரிந்த கதை. ஊருக்கே அவளைத் தெரியவைத்தது ஒரு வடிகால் மூடி.

ஒரு புயலில் சந்தை மூழ்கியது. வடிகால் அடைத்துக் கிடப்பதை வட்டத் தலைவர் பெங்கிடம் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்திருந்தது. அன்றும் அவர் எதிர்ப்பக்கத்து அலுவலக மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார். சியூ-லுவான் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள். வடிகாலின் இரும்பு மூடியைப் பெயர்த்துத் தலைக்கு மேல் தூக்கி, மாடியைப் பார்த்துக் கத்தினாள். யாரோ ஒரு பெண் அதைப் படம் பிடித்து வட்டாரத்து இணையக் குழுவில் போட்டாள். “மாடியில இருந்து எனக்கு ஒண்ணுமே தெரியல, ஒரே மழை,” என்றார் பெங்.

அடுத்த தேர்தலில் சியூ-லுவான் அவரை எதிர்த்து நின்றாள். வடிகாலைத் தூர்வார வேண்டும், அவ்வளவுதான் அவள் கொள்கை. பதாகைக்கு இணையத்தில் கிடந்த அந்தப் படமே வேண்டும் என்றாள். அச்சுக்கடை சுவாங் அதைத் திரையில் விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“அக்கா, இது கட்டைவிரல் நகம் அளவு படம். ஆளாளுக்கு அனுப்பி அனுப்பித் தேஞ்சு கெடக்கு. நாலு மாடி உயரத்துக்கு இழுத்தா கட்டம் கட்டமா உடைஞ்சிரும். எடுத்தவங்ககிட்ட அசல் இருக்கா?”

“அந்தப் பொண்ணோட போனு அதே வெள்ளத்துல போச்சு. இருக்கறதப் போடு.”

“சரி, விட்டுப்போன முகத்தக் கம்ப்யூட்டரையே நிரப்பச் சொல்றேன்.”

நிரப்பியது. வரிசைப் பல்லோடு முப்பது வயதுக்காரி ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். தழும்பைக் காணோம்.

சியூ-லுவான் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “யாருடா இவ? நல்லாத்தான் இருக்கா. இவளுக்காக நான் எதுக்கு வீடு வீடாப் போயி ஓட்டுக் கேக்கணும்? அவளையே கேட்டுக்கச் சொல்லு.”

“எல்லாரும் இப்படித்தான் போடறாங்கக்கா. பெங் தலைவரு படத்துல முடியே நான்தான் வெச்சேன்.”

“அதான் மழைன்னா மனுசன் வெளிய வர்றதில்ல. என் உடைஞ்ச பல்லக் குடுடா.”

பதாகை வந்தது. சாலையில் விரித்துப் பார்த்தோம். கண் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து பழுப்புக் கட்டங்கள். பெங் சும்மா போவாரா?

“என்ன சியூ-லுவான், குளியலறைக்கு ஓடு வாங்கிட்டியா? இதுல மொகம் எங்க இருக்கு? எல்லாரும் கிட்ட வந்து பாருங்க, வெறுங் கட்டம்!”

கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ, “மேல ஏத்துங்கடா,” என்றாள்.

மூலைக் கட்டடத்தில் ஏற்றினார்கள். நாங்கள் சாலையைக் கடந்து போய்த் திரும்பிப் பார்த்தோம். கட்டங்கள் எங்கே போயினவோ தெரியாது. நாலு மாடி உயரத்துக்கு எங்கள் சியூ-லுவான், உடைந்த பல்லோடு, தழும்போடு, மூடியைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் தோற்றாள். மறுநாள் கஞ்சியில் உப்பு தூக்கலாக இருந்தது, எல்லோரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

தேர்தல் முடிந்தால் பதாகையை இறக்கிவிட வேண்டும். அவளும் இறக்கினாள். பெயரும் வேட்பாளர் எண்ணும் இருந்த ஓரத்தை வெட்டிப் போட்டாள். மீதியைத் துண்டு போட்டு, எல்லோரும் செய்வதுபோல, கடைகளுக்கு மேல் மழைக்குச் சாய்வாகக் கட்டினாள். எந்தத் துண்டு எந்தக் கடைக்கு என்பதை மட்டும் அவளே நின்று சொன்னாள். என் கடைக்குப் பாதி வாய் கிடைத்தது. கீழே நின்றால் வெறும் கட்டம். பெங்கின் மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரிந்தது என்பது, அவர் புகார் கொடுத்த பிறகுதான் எங்களுக்கே விளங்கியது.

நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கூடவே பெங்.

“அம்மா, இது தேர்தல் பதாகையாமே? எடுத்திருக்கணுமே,” என்றார் அதிகாரி.

“தார்ப்பாய் சார். இதுல மொகம் எங்க இருக்கு? கிட்ட வந்து பாருங்க, வெறுங் கட்டம். நான் சொல்லல, தலைவரே ஊரறியச் சொன்னாரு.”

“ஆமா, நானும் கேட்டேன்!” என்று நான் கத்தினேன்.

அதிகாரி என் கடைத் தார்ப்பாயில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். “கட்டமாத்தான் இருக்கு.”

பெங்குக்குப் பொறுக்கவில்லை. “இங்கேருந்து பாத்தா எப்படி சார் தெரியும்? என் மாடிக்கு வாங்க. அங்கேருந்து அவ கத்தறது அப்படியே தெரியும்!”

சியூ-லுவான் அகப்பையைக் கீழே வைத்தாள்.

“தெரியுதா தலைவரே? மாடியில இருந்து நான் கத்தறது தெரியுதா? அன்னைக்கு ஒண்ணுமே தெரியலன்னீங்களே.”

அதிகாரி வடிகாலைக் குனிந்து பார்த்தார், பிறகு பெங்கைப் பார்த்தார், ஒரு கிண்ணம் கஞ்சி கேட்டு உட்கார்ந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் தூர்வார ஆட்கள் வந்தார்கள். சேறு வண்டி வண்டியாய்ப் போனது. வேலை முடிந்த அன்று பெங் தனியாக வந்து, மெதுவாகக் கேட்டார்: “அதான் வேல முடிஞ்சிருச்சே. இனிமே எடுத்துடலாம்ல?”

அவள் நிமிரக்கூட இல்லை. “ஒரு புயல் வரட்டும் தலைவரே. அதுவரைக்கும் அவ கத்திக்கிட்டே இருப்பா.”