தலைவலி அக்கா சொல்ல மறந்த பாதி

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் தலைவலி அக்கா. மனநல நர்ஸ் என்று கதவில் எழுதித்தான் இருந்தது. ஆனால் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு எந்தப் பிள்ளை வகுப்பிலிருந்து எழுந்து வரும்? "தலைவலி மிஸ்" என்றால் விட்டுவிடுவார்கள். விளையாட்டுச் சாமான் அறையை ஒட்டிய அந்தச் சின்ன அறையில், பந்துகளின் ரப்பர் வாடையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்கள்.

"உங்க ரூமுக்கு வந்தா கணக்குப் பரீட்சைத் தலைவலிகூட ஓடிப்போயிடுதே!" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடிப்பார். அவளா விடுவாள்? "சார், வர்ற தலைவலியில பாதி நீங்க அனுப்புறதுதான்!"

யார் வந்தாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவாள். "நீ சொல்றது இந்த ரூமைத் தாண்டாது. உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் தாண்டும்." மனநல வார்டில் வேலை பார்த்த காலத்துப் பழக்கம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

அன்றைக்கு என்ன கேடுகாலமோ, பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து கதவைச் சாத்தினாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?" அந்த முகத்தைப் பார்த்ததும் இவள் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாண்டாதும்மா, சொல்லு" என்றாள். மீதிப் பாதியை மறந்தே போனாள்.

அப்பா வீட்டை விட்டுப் போனதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை. சாவதற்கு வேண்டிய ஏற்பாட்டையும் செய்துவிட்டிருந்தாள்.

இதை எப்படி மூடி வைப்பது? வைத்தால் பிள்ளை போய்விடும். "கண்ணு, அம்மாகிட்ட சொல்லியே ஆகணும். இதை முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"தாண்டாதுன்னு சொன்னீங்களே!"

பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போன் பண்ணினாள். அம்மா வேலை உடுப்போடு அலறியடித்துக்கொண்டு வந்தாள். பெண் அம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸைப் பார்த்து, "பொய்க்காரி" என்றாள்.

வைத்தியம் நடந்தது. பெண் தேறினாள், பள்ளிக்கும் திரும்பினாள். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது? தலைவலி அக்கா போட்டுக்கொடுத்துவிடுவாள் என்று வகுப்புக்கு வகுப்பு பரவிவிட்டது. வெளியே போட்டிருந்த பெஞ்சு காலியாகவே கிடந்தது. எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ என்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உயிரைத்தானே காப்பாத்தினே? விடேன்" என்றான் கணவன்.

"ஒருத்தி உயிரைக் காப்பாத்தினேங்க. மத்த பிள்ளைங்க எங்கே போகும்?" என்று விம்மினாள்.

பரீட்சை நெருங்கிய ஒரு நாள் கதவு திறந்தது. அதே பெண். கையில் இன்னொரு சின்னப் பெண்ணின் மணிக்கட்டு.

"இவங்க உன் வீட்டுல சொல்லிடுவாங்க. உசுருக்கு ஆபத்துன்னா கண்டிப்பாச் சொல்லிடுவாங்க, தெரிஞ்சுக்கோ" என்றாள் சின்னவளிடம்.

"அப்புறம் எதுக்குக்கா இங்க கூட்டிட்டு வந்தே?"

"சொன்னதாலதான்டி நான் இருக்கேன். உள்ளே போ."

நர்ஸின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் திரும்பி நடந்துவிட்டாள். அவளைக் கூப்பிட்டுவிடத்தான் நர்ஸ் வாயெடுத்தாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காரும்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்."

"அதான் அந்த அக்கா சொல்லிட்டாங்களே" என்றது பிள்ளை.