பெயின்ட் அடித்த பட்டைகள்

லாரிப் பட்டறையில் அவருக்குச் சோப்புக்காரர் என்று பெயர். யாருக்கும் சோப்புப் போட்டுப் பேசத் தெரியாத மனிதருக்கு அந்தப் பெயர் வந்தது, அவர் கை கழுவுகிற அழகைப் பார்த்துத்தான். ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தால் முதலில் மண்ணெண்ணெய், பிறகு மரத்தூள், பிறகு சோப்பு. நகக்கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு பழைய பல் பிரஷ். அடுத்தவர் குடித்து வைத்த டம்ளர் கண்ணில் பட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். போயும் போயும் இந்த ஆளுக்குக் கிரீஸிலா பிழைப்பு அமைய வேண்டும் என்று மனைவி சிரிப்பாள்.

லாரியின் பாரத்தைத் தாங்குகிற பட்டைகளை மாற்றுவது அவர் வேலை. வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சோடு சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். பள்ளம் மேடு பார்க்காமல் ஓடி ஓடி அவை ஒருநாள் தொய்ந்துபோகும், இல்லையென்றால் ஒடியும். மாற்றி முடித்ததும் சக்கரங்கள் நேராக ஓடுகிறபடி அலைன்மென்ட் பார்ப்பதும் அவர்தான். பட்டறை மனைவியின் தம்பியுடையது. அவன் இவருக்கு மாப்பிள்ளை, இவர் அவனுக்கு மாமா. மாப்பிள்ளை கல்லாவில், மாமா வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழியில்.

மழை விட்ட ஒரு மத்தியானம், கசாப்புக் கடை எலும்புகளை ஏற்றிப்போகிற எலும்பு மில் லாரி வந்தது. வண்டி வாசலில் திரும்புவதற்கு முன்பே நாற்றம் உள்ளே வந்துவிட்டது. மற்ற மெக்கானிக்குகளுக்கெல்லாம் சொல்லிவைத்தாற்போல வெளியே வேலை வந்தது. டிரைவர் வயசானவர், கதவைப் பிடித்தபடியே இறங்கினார். பாலத்து இறக்கத்தில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டதாம், வண்டி இடது பக்கம் சாய்ந்து இழுத்ததாம்.

"கையில நிக்கலைங்க. பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்த ஜனங்க மேலயே போகுது. நெஞ்சை வெச்சு ஸ்டியரிங்கை அமுக்கிப் பிடிச்சேன்" என்றார்.

சோப்புக்காரர் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அச்சு முழுக்கக் கொழுப்பு கறுத்து உறைந்திருந்தது. பட்டை இடுக்குகளில் புழு நெளிந்தது. அண்ணாந்து பார்த்த நேரத்தில் ஒரு சொட்டு துணியை நனைத்து உதட்டில் பட்டது. ஓடிவந்து வாந்தி எடுத்தார், வாயைக் கொப்பளித்தார், திரும்பவும் இறங்கினார். அந்த டிரைவரை அப்படியே திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

சுரண்டிச் சுரண்டி வழித்த பிறகு மேல்பட்டை ஒடிந்த இடம் தெரிந்தது. வெளியே புத்தம் புதுக் கறுப்புப் பெயின்ட். ஒடிந்த முனையில் பாதி பழைய துரு, அதன்மேல் வெல்டிங் வைத்த தழும்பு. எப்போதோ உடைந்த பட்டையை ஒட்டவைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எங்கே மாற்றியது என்று டிரைவரைக் கேட்டார்.

"இங்கதாங்க. நீங்க காய்ச்சல்ல கிடந்தீங்களாமே, அப்ப வேற ஒருத்தர் மாட்டினார். புதுசுன்னுதான் சொன்னாங்க."

கையைக் கழுவாமலே அவர் பின்கட்டுக்குப் போனார். பழைய இரும்புக்குப் போட வேண்டிய பட்டைகள் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. சிலவற்றில் பெயின்ட் இன்னும் காயவில்லை.

மாப்பிள்ளை மேஜையில் சாப்பாட்டை விரித்து உட்கார்ந்திருந்தான். பாலத்தில் நடந்ததைச் சொல்லி ஒடிந்த துண்டைக் காட்டியும் அவன் கை நிற்கவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான், பெயின்டைப் பார்த்தால் வண்டிக்காரனுக்கும் ஒரு திருப்தி என்று விளக்கினான். பிசைகிற விரல்களின் நகத்தில் கறுப்புப் பெயின்ட் இருந்தது.

"அந்த பஸ் ஸ்டாப்புலதான் உங்க அக்கா தினம் நிக்கிறா, மாப்ளே."

"இன்னிக்கு நின்னாளா? இல்லையே மாமா" என்று சொல்லி அடுத்த கவளத்தை எடுத்தான்.

குழியில் பார்த்த புழுவைவிட அந்த நகம் அவருக்கு அருவருப்பாகத் தெரிந்தது. கழுவினால் போகிற அழுக்கில்லை அது. அவர் துண்டை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

புதுப் பட்டை செட் இரண்டை அவரே போய் எடுத்துவந்தார். ஒடிந்தது இடது பக்கம்தான் என்றாலும் இரண்டு பக்கமும் மாற்றினார். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் வண்டி ஒருச்சாய்ந்துதான் ஓடும். பட்டையின் முனைகளில் மாட்டுகிற புஷ், போல்ட் எல்லாம் புதிது. அச்சு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு பக்கமும் டேப் பிடித்து அளந்தார். முன்சக்கரங்களை நேராக்கி, டிரைவரோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்து போல்ட்டுகளை மறுபடி இறுக்கினார். பிறகு ஒடிந்த துண்டை டிரைவர் கையில் கொடுத்து, உள்ளதைச் சொன்னார்.

டிரைவர் துண்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் சாயங்கால டிபன் தட்டுக்குப் பக்கத்தில், கொழுப்பும் புழுவுமாக வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். மாப்பிள்ளை தட்டை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

அன்றைக்கே சோப்புக்காரர், பெயின்ட் அடித்து நின்ற பட்டைகளையெல்லாம் கேஸ் கட்டர் வைத்துத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டார். மனைவி முதலில் அவரிடம்தான் சண்டைக்கு வந்தாள். கூடப் பிறந்தவனை ஊர் சிரிக்க வைத்துவிட்டாரே என்று அழுதாள். மறுநாள் தம்பியைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனாள். என்ன பேசினார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

சோப்புக்காரர் வேறொரு பட்டறையில் சேர்ந்தார். தம்பியின் பட்டறை நொடித்துவிடும் என்று நாலு பேர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பெரிதாகத்தான் ஆனது. சில வருஷம் கழித்து மாப்பிள்ளை சொந்தமாக ஒரு லாரி வாங்கினான். பழைய வண்டி, பட்டை மாற்ற வேண்டியிருந்தது. தன் பட்டறையிலேயே தூக்கி நிறுத்தாமல், ஒரு டிரைவர் கையில் கொடுத்து மாமாவிடம் அனுப்பினான்.

"எல்லாம் புதுசாப் போடணுமாம். நீங்கதான் நின்னு பாக்கணும்னு முதலாளி சொன்னாருங்க" என்றான் டிரைவர்.

சோப்புக்காரருக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போவது மாப்பிள்ளை இல்லை, எதிரே நிற்கிற இந்த ஆள். ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். பட்டைகள் மாறின, சக்கரங்கள் நேராயின. வீட்டில் மனைவி யாருடைய வண்டி என்று கேட்டதும் சொன்னார். அவள் சாப்பாடு போட்டாள். இரண்டு வாயோடு எழுந்துபோய் அவர் பழைய பல் பிரஷை எடுத்து நகக்கண்ணைத் தேய்த்தார்.