எஞ்சினை அணைத்த இடம்

எங்கள் எஸ்டேட்டில் கைபேசிக்கு லைன் கிடையாது. சுற்றிலும் குன்றுகள், குன்று முழுக்கச் செம்பனை. அரை மணி நேரம் வண்டி ஓட்டினால்தான் சட்டைப்பையில் இருக்கும் போன் உயிர் பெற்றுக் கத்தும். கொஞ்சம் குடும்பங்களுக்காக இங்கே யார் கோபுரம் நடப்போகிறார்கள்?

நான் வேன் ஓட்டுபவன். காலையில் எஸ்டேட் ஆட்களைச் சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் இறக்குவேன், மாலையில் ஏற்றிக்கொண்டு திரும்புவேன். ஒருநாள் சிரம்பானில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். வேனில் ஒரு சின்னப் பெட்டி மாட்ட வேண்டும் என்றாள். எஸ்டேட் முகப்பில் இருக்கும் முனியாண்டி கோவிலில் இன்னொரு பெட்டி இருக்குமாம். சனங்கள் போனில் எழுதுவதைக் கோவில் பெட்டி வாங்கி வைத்துக்கொள்ளும். என் வேன் பக்கத்தில் வந்ததும் அதனிடம் கொடுக்கும். நான் லைன் உள்ள இடத்துக்குப் போனதும் அதெல்லாம் போய்ச் சேரும். பதில்கள் மாலையில் என்னோடு திரும்பும்.

"தபால்காரர் வேலைதானே லா இது?" என்று சிரித்தேன்.

"ஆமாண்ணே. செலவு கம்மி. மெதுவாப் போகும், ஆனா தொலையாது" என்றாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. மாட்டிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு மாதத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வேலைக்கு மனுப் போட்டவன், மகளோடு பேச முடியாமல் தவித்தவள், எல்லோரும் என் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். யாராவது அதைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு பெண் கோவிலுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். அவள் புருஷனுக்குச் சர்க்கரை வியாதி, பாதத்தில் புண். ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்கி ஏற்றி சிரம்பானுக்குக் கொண்டு போவது பெரும்பாடு. அதனால் கிளினிக்கில் இருந்த மிஸி, அதாவது நர்ஸ், கட்டுப் பிரிக்கும்போது தினமும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். படத்தைப் பார்த்துத் தேவையென்றால் கூப்பிடுகிறேன் என்றாளாம். அவருக்கு அந்தக் காலில் உணர்ச்சியே இல்லை. வலி வந்து எச்சரிக்காது. அந்தப் படத்தை நம்பித்தான் கால் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை முதல் படத்தை அனுப்பினாள். அன்றிலிருந்து மிஸியிடமிருந்து ஒரே பதில் வந்தது: படம் வரவில்லை, அனுப்புங்கள். இவளும் தினம் ஒன்று அனுப்பினாள். புதன்கிழமை மாலை வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, படத்த உங்க போன்ல ஏத்திக்கிட்டுப் போய் அனுப்பறீங்களா? விரல் ஓரம் கறுப்பா தெரியுது. மருந்துக் கறையான்னு தெரியல."

"பெட்டி எதுக்குத் தங்கச்சி இருக்கு? எழுத்து போகுதுல்ல, படமும் போகும். அந்த மிஸி சரியாப் பாத்திருக்க மாட்டா" என்றேன். இன்று அதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலை, மிஸி சொல்லிவிட்டதால், அந்தக் கம்ப்யூட்டர் பெண் என்ன கோளாறு என்று பார்க்க எஸ்டேட்டுக்கே வந்து, என் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். கோவில் முன்னால் வண்டியை நிறுத்தினேன். இருபது வருடமாகச் செய்வது போல எஞ்சினை அணைத்தேன். இறங்கிக் கும்பிட்டேன், திருநீறு பூசிக்கொண்டேன், வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, எஞ்சின ஏன் அணைச்சீங்க?"

"சாமி முன்னாடி எஞ்சின் ஓடலாமா? எங்கப்பா லோரி ஓட்டின காலத்திலேருந்து இதான் பழக்கம்."

"எஞ்சின அணைச்சா நம்ம பெட்டியும் அணைஞ்சிடும்ணே."

வண்டி கோவிலை நெருங்கும்போது கிடைக்கும் சில வினாடியில் எழுத்து ஏறிவிடுமாம். படம் பெரியது, பாதி ஏறும்போது நான் அணைத்துவிடுவேன். மறுபடி எஞ்சின் போட்டால் பெட்டி கண் விழிப்பதற்குள் நான் வளைவு தாண்டியிருப்பேன். நாலு நாள் படமும் கோவில் பெட்டியிலேயே இருந்தது. ஒன்றுகூடத் தொலையவில்லை.

அன்றைக்கு எஞ்சினை ஓடவிட்டு, முனியாண்டி முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் வேலைக்கு நேரமாச்சு என்று கத்தினார்கள். எல்லாம் ஏறி முடிந்ததைக் காட்டும் பெட்டியின் பச்சை விளக்கு நிலைக்கும்வரை நான் நகரவில்லை.

மாலை வழக்கம்போல ஆட்களை ஏற்றுமுன் கடையில் உட்கார்ந்து தே தாரேக் டீ குடித்தேன், பேப்பர் புரட்டினேன். கோவிலடியில் வந்து நின்றதும் பதில் வந்து சேர்ந்து அவள் வீட்டுக்குள் போன் கத்தியது. செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"உடனே கூட்டிட்டு வரச் சொல்றாங்கண்ணே."

மிஸி காலை பத்து மணிக்கே பதில் எழுதியிருந்தாள். முழுப் பகலும் அது என் இருக்கைக்குப் பின்னால், பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் தே குடித்தபோதும் இருந்தது.

ஆட்களை அங்கேயே இறக்கிவிட்டு, அவள் புருஷனை ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் தப்பியது. முன்னமே வந்திருந்தால் விரலும் தப்பியிருக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வராந்தாவில் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், எஞ்சினை அணைத்தது, அவள் கேட்டபோது மறுத்தது.

"சாமிக்காக அணைச்சீங்க, சரி" என்றாள். "நான் கேட்டப்ப வாங்கிக்கிட்டுப் போயிருக்கலாமேண்ணே."



இப்போது யார் என்னிடம் போனை நீட்டினாலும் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். கோவில் முன்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், நான் இறங்கிக் கும்பிடுவேன். அவள் புருஷன் கைத்தடியோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, ஜன்னல் வழியாகப் பெட்டியின் விளக்கைப் பார்ப்பார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. என்னை அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

"இன்னும் இல்ல... இரு லா" என்பார். பச்சை நிலைத்ததும் வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுக்கிறேன்.