காற்றை இறக்கியவன்

பம்மல் துளசிங்கம் சவூதியில் எட்டு வருஷம் மணலில் ஜீப் ஓட்டியவன். பாதையே இல்லாத இடத்தில் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, முதலாளி பின்சீட்டில் குறட்டை விடுவார். ஊர் திரும்பியவனுக்கு என்ன மரியாதை? ஆக்டிங் டிரைவர்! யாராவது கூப்பிட்டால் வண்டி ஓட்டுவான். இல்லாவிட்டால் தாம்பரம் ஸ்டாண்டில் ஈ ஓட்டுவான்.

2007இல் அஸ்தினாபுரம் பாங்க் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் புது பொலிரோ வாங்கினார். திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுக்குள் இருக்கும் குலதெய்வம் சாஸ்தாவிடம் முதல் பயணம். "ஒழுங்கா கூட்டிண்டு போயிட்டு வந்தா நீயே பர்மனென்ட்," என்றார். துளசிங்கத்தின் பெண்டாட்டி காந்தா அன்றே தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

தேரி என்றால் சிவப்பு மணல் பாலைவனம். பனைமரத்தைத் தவிர ஒரு நாதி கிடையாது. மணல் தொடங்கும் இடத்தில் துளசிங்கம் இறங்கி டயர் பக்கம் குந்தினான்.

"என்னப்பா பண்றே?"

"மண்ணு பொலபொலன்னு கீது சார். காத்தைக் கொறைச்சாத்தான் டயர் படிஞ்சு ஓடும். இல்லாங்காட்டி பொதைஞ்சிரும்."

அனந்தகிருஷ்ணனின் மனைவி மிருதுளா பதறிப்போனாள். "எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பின வண்டி! சாமியைப் பாக்கறதுக்கு முன்னாடி காத்தைப் பிடுங்கறதா? அபசகுனம்!"

"விடு, ஏறுப்பா," என்றார் அனந்தகிருஷ்ணன்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன பர்மனென்ட் வாயை அடைத்தது. ஏறினான். முன்னூறு அடிகூடப் போகவில்லை, வண்டி அச்சுவரை புதைந்தது.

"எட்டு வருஷம் ஓட்டினானாம்! ஒட்டகம் மேய்ச்சிருப்பே," என்றார் அனந்தகிருஷ்ணன்.

துளசிங்கம் கையாலேயே மணலைத் தோண்டி, நாலு டயரிலும் காற்றை இறக்கி, மெல்ல ஆக்சிலேட்டரை அழுத்தினான். வண்டி சாதுவாக மேலே ஏறியது. சாமி கும்பிட்டுத் தார் ரோட்டுக்குத் திரும்பியதும், உச்சி வெயிலில் அவன் கால் பம்பால் டயருக்கு மறுபடி காற்றடிக்க, அவர்கள் ஏசியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டார்கள்.

வீடு வந்ததும் அனந்தகிருஷ்ணன் சாவியை வாங்கிக்கொண்டார். "வண்டியைப் புதைச்சவனை நம்பி குடும்பத்தை எப்படிப்பா ஏத்தறது?"

அடுத்த மாதம் பொலிரோ தாம்பரம் ஸ்டாண்டில் வந்து நின்றது. புது டிரைவரிடம் அவர் விரலை ஆட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மண்ணுல போனா மொதல்ல காத்தை இறக்கணும். எனக்கு அனுபவம் இருக்கு. போன தடவை ஒரு முட்டாள் நேரா கொண்டுபோய்ப் புதைச்சுட்டான்."

நாலடி தள்ளி நின்ற துளசிங்கத்தைப் பார்த்தும் அவர் நிறுத்தவில்லை. "தோ, இவன்தான்," என்றார்.

ஸ்டாண்டே சிரித்தது. துளசிங்கமும் சேர்ந்து சிரித்துவைத்தான். நாளைக்கும் அங்கேதானே நின்றாக வேண்டும்.